சஹனில் ஓர் இடம்



மதரசாவில் நம் பிள்ளைகள் மனனம் செய்யும் துஆக்களுள் ஒன்று பரஸ், பைத்தியம், ஜுதாம் ஆகியவற்றை விட்டும் ஏனைய கொடிய பிணிகளை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவதாகும். பரஸ் என்பது தோல் வெளுத்துப்போதல். ஜுதாம் என்பதே தொழுநோய். முன்னதைத் தமிழில் நெடுங்காலம் 'வெண்குஷ்டம்' என்று எழுதிவந்தோம். அதனால், எவருக்கும் தொற்றாத வெண்புள்ளி உடையோரையும் மக்கள் தொழுநோயாளிகளாகவே பார்த்தனர். ஒரு சொல் செய்த தீங்கு அது.

ஜுதாம் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர் உடனே எடுத்துக்காட்டுவது, சிங்கத்தைக் கண்டு விலகுவதுபோல் தொழுநோயாளியை விட்டு விலகுமாறு கூறும் புகாரியின் அறிவிப்பையே. அது ஸஹீஹானது, அதை மறைக்கவேண்டிய தேவையில்லை. மருந்தே இல்லாத காலத்தில் அளிக்கப்பட்ட எச்சரிக்கையாகவே நான் அதை விளங்கிக்கொள்கிறேன். நபி (ஸல்) அவர்கள் தொழுநோயாளி ஒருவரின் கையைப் பிடித்துத் தம்முடன் ஒரே தட்டில் உண்ணச் செய்ததாகத் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் ஸனதில் பலவீனம் இருப்பதாக அறிஞர் கூறுவதால், அதை மட்டும் நம்பி நான் வாதாடவில்லை. அத்தகையோரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தடுக்கும் இப்னு மாஜாவின் அறிவிப்பை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

முஐகீப் (ரலி) அவர்களின் பெயரையும் நம் பயான்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. தொடக்ககால முஸ்லிம், நபியவர்களின் முத்திரை மோதிரத்துக்குப் பொறுப்பாளர், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பைத்துல்மாலைக் காத்தவர். அவருக்கு ஜுதாம் இருந்தது. உமர் (ரலி) அவருக்காக மருத்துவர்களைத் தேடியதையும், உணவில் உடன் அமர்த்திக்கொண்டதையும் வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. உம்மத்தின் கருவூலத்தையே அந்தக் கையில் ஒப்படைத்திருந்தார்கள்.

இனி என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ரமலானில் கொதிக்கும் நோன்புக் கஞ்சிச் சட்டியை அவர் கைப்பிடித் துணியின்றியே அடுப்பிலிருந்து இறக்குவார். "உழைத்துக் காய்த்த கை" என்று வீடே மெச்சியது. சூடு அவருக்குத் தெரியவில்லை என்பதை ஒருவரும் எண்ணிப்பார்க்கவில்லை. முதுகில் இருந்த வெளிறிய, உணர்வற்ற படையை அவர் தம் உம்மாவிடமும் காட்டியதில்லை. நம் பெண்களின் உடை மறைக்கும் இடங்களில் வரும் படையை அவர்களே சொன்னாலன்றி யார் அறிவார்? முழங்கையருகே ஓடும் நரம்பு தடித்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்நோக்கி வளைந்த பிறகே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். 12 மாதம் மாத்திரை உண்டார், குணமடைந்தார். வளைந்த விரல்கள் மட்டும் வளைந்தபடியே நின்றன.

நோய் போயிற்று, தட்டு போகவில்லை. எங்கள் ஊர் விருந்துகளில் நால்வர் ஐவராய் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது வழக்கம். பெரியம்மாவுக்கு மட்டும் சுவரோரமாய் ஒரு தனித்தட்டு வைப்பார்கள். அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அப்படியே நடந்தது. அந்தத் தனித்தட்டுக்கு மருத்துவத்திலும் ஆதாரமில்லை; மார்க்கத்திலும் ஆதாரமில்லை.

1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த ஒரு கிருமியே இந்நோய்க்குக் காரணம். அது சாபமன்று, பரம்பரை நோயுமன்று. பெரும்பாலோரின் உடலுக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்து உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து பரவுதல் நின்றுபோகிறது. விரல்கள் அழுகி விழுவதில்லை. உணர்விழந்த கையில் அறியாமல் படும் சூடும் வெட்டுமே அவற்றைக் குறைக்கின்றன. இதை வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் சென்ற நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உண்டால் போதும்.

சட்டமும் தாமதமாகவேனும் மாறியது. கணவனுக்குத் தொழுநோய் இருந்தால் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் இருந்தது. பிற சமயத்தாரின் மணச் சட்டங்களிலும் தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. 2019இல் பாராளுமன்றம் அவற்றை நீக்கியது. ஷாஃபி மத்ஹபின் நூல்களும் ஜுதாமை நிக்காஹை முறிக்க இடந்தரும் குறைகளுள் ஒன்றாக எழுதியிருக்கின்றன. அதன் சட்டநுட்பத்தை ஆலிம்களே கூறவேண்டும். நான் கூறத் தகுதியுடையவன் அல்லன். எனினும், அந்நூல்கள் எழுதப்பட்டபோது தீராதிருந்த நோய் இன்று முற்றாகத் தீர்கிறது என்ற செய்தியை அவர்கள் முன் வைப்பது நம் கடமை.

இத்தனையும் நான் எழுதக் காரணம், சென்ற மாதம் எங்கள் மஹல்லாவில் நடந்த ஒரு சம்பந்தப் பேச்சு. பெண்ணுக்குப் பதினான்கு வயதில் கையில் ஒரு படை வந்தது. 6 மாத மருத்துவத்தில் மறைந்தது. அவளுடைய வாப்பா அதைத் தாமாகவே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று உறவினர் அவரைக் கடிந்தனர். மாப்பிள்ளையின் உம்மா என்னை அழைத்து, "பிறக்கும் பிள்ளைகளுக்கு வருமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். வராது என்றேன். தோல் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று முகவரி எழுதிக் கொடுத்தேன். இன்ஷா அல்லாஹ், வரும் ஜும்ஆவுக்குப் பின் பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.