எரிவது இரும்பு

சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில், சூடத்துக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் மலிவு பிளாஸ்டிக் லைட்டர்கள் கிடக்கும். கட்டைவிரலால் உருட்டுகிற சக்கரம் எஃகு. அதற்குக் கீழே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் பொடிக் குச்சியை எல்லாரும் கல் என்கிறோம். அது கல்லே இல்லை. சீரியமும் இரும்பும் கலந்த உலோகம். ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை பெற்றது. சக்கரம் சுரண்டுகிறது, குச்சி எரிகிறது.

பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் எல்லாம் தலைகீழ். அங்கே நிஜக் கல் உண்டு, ஆனால் அது எரியாது. கல் சுரண்டும்; சுரண்டப்பட்ட எஃகு எரியும். பொறி குறைந்த துப்பாக்கியைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பெரும்பாலானவர்கள் கல்லையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

*

இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் ராபர்ட் ஹூக். 1665-இல் வந்த 'மைக்ரோகிராஃபியா' நூலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் கல்லையும் எஃகையும் உரசி, விழுந்ததை நுண்ணோக்கியில் வைத்தார். கண்டது மிகச் சிறிய இரும்பு உருண்டைகள். சீவி எடுத்த இரும்பு உருகித் திரண்டு போயிருக்கிறது. தாளும் கொஞ்சம் பொறுமையும் போதுமாக இருந்த காலம்.

*

பொறியமைப்பைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். குதிரை என்று சொல்லும் சுத்தியின் இரண்டு தாடைகளுக்கு நடுவே, தோல் துண்டு சுற்றிய கல். மேல் திருகு அதை இறுக்கிப் பிடிக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டின்மேல் கல்லை இழுக்கும். ஃப்ரிஸன் என்று ஆங்கிலேயர் சொல்வது இந்தத் தகட்டைத்தான். அடி வாங்கியதும் தகடு முன்னால் சாயும். அதன் அடிப்பாகம் மூடியிருந்த கிண்ணி திறக்கும். கிண்ணியில் இருக்கும் மருந்தில் பொறி விழும். அங்கிருந்து பற்றுவாய்த் துளை வழியாக நெருப்பு குழலுக்குள் போகும். எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு வேலை, எல்லாம் ஒரு நொடிக்குள்.

*

கப்பல் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவன் நான். துப்பாக்கியைத் தொட்டதில்லை, இந்த ஊரில் உரிமம் இல்லாமல் தொடவும் முடியாது. ஆனால் எஃகைத் தெரியும். இது முழுக்க எஃகுப் பிரச்சினை.

தகட்டின் முகத்தில் இருக்கும் கீறல்களைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கல் தகட்டின் மேல்பகுதியில் பட்டு, அங்கிருந்து கீழ்வரை ஒரே சீராக இழுத்திருக்க வேண்டும். நடுவில் மட்டும் கீறல் இருந்தால் கல் குட்டை, அல்லது சரிவுப் பக்கம் தவறாக இருக்கிறது. கல்லைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஓரத்தில் மட்டும் கீறியிருந்தால் கல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. தகட்டில் பள்ளம் பள்ளமாகக் கல் கொத்தியிருந்தால் எஃகு மென்மையாகிவிட்டது. கீறலே விழாமல் பளபளவென்று இருந்தால் எஃகு மிகையாகக் கெட்டி. கல் வழுக்கிக்கொண்டு போகிறது.

இதற்கெல்லாம் முன்னால், முகத்திலும் கல்லிலும் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துரு பிடிக்குமே என்று பயந்து எண்ணெய் பூசி வைத்துவிட்டு, பொறி வரவில்லையே என்று அலைவார்கள். துணியால் சுத்தமாகத் துடைத்தால் சில துப்பாக்கிகள் அப்போதே குணமாகிவிடும்.

பொறியின் நிறமும் பேசும். மென்மையான எஃகில் மங்கிய சிவப்பாக நாலைந்து விழுந்து, கிண்ணியை எட்டுவதற்குள் அணைந்துவிடும். சரியான எஃகில் வெள்ளை மஞ்சளாக, சீறிக்கொண்டு, கிளை கிளையாகப் பிரிந்து கொட்டும். அந்தக் கிளைகளுக்குக் காரணம் எஃகிலிருக்கும் கரி. பட்டறையில் கிரைண்டர் சக்கரத்தில் வைத்து, பொறியைப் பார்த்தே இது எந்த இரும்பு என்று சொல்லும் ஆட்கள் இருந்தார்கள்.

*

அரம் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. தகட்டின் ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில், புது அரத்தை லேசாக இழுத்தால் போதும். அரம் கடித்தால் துவைச்சல் (காய்ச்சிக் கொடுத்த கெட்டி) போய்விட்டது. அரம் வழுக்கினால் கெட்டி இருக்கிறது, கோளாறு வேறெங்கோ.

திரும்பத் துவைச்சல் போடுவது இப்படி. காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அதற்குமேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, எண்ணெயில் இறக்குவது. அப்போது அது கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். மறுபடி 200 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, மேலே வைக்கோல் நிறம் ஏறியதும் நிறுத்தினால் முறுக்குத் தணியும். ஸ்பிரிங்கின்மேல் உட்காரும் அடிப்பாகத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தணித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் அது உடையும். எங்கள் மேஸ்திரி உளிக்குப் போடும்போது சொல்வார்: "அவசரப்படாதே தம்பி, நிறம் உன்னைக் கூப்பிடும்." வெப்பமானி வந்த பிறகும் அவர் கண்ணைத்தான் நம்பினார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது, அது எனக்கு எரிச்சல்தான்.

எல்லாத் தகடும் முழு எஃகு அல்ல. மலிவானவற்றில் உள்ளே தேனிரும்பு. மேலே எலும்புக் கரியோடு மூடிக் காய்ச்சிக் கரியேற்றிய மெல்லிய தோல். சுட்டுச் சுட்டு அந்தத் தோல் தேய்ந்ததும் பொறி நின்றுவிடும். அப்போது எத்தனை கல் மாற்றினாலும் பயனில்லை. திரும்பக் கரியேற்ற வேண்டும், அல்லது முகத்தில் புது எஃகுத் துண்டு ஒன்றைப் பொருத்தித் தைக்க வேண்டும். பழைய துப்பாக்கிக் கொல்லர்களுக்கு இது அன்றாட வேலை.

*

ராஃபிள்ஸ் 1819 ஜனவரி 29-இல் ஆற்றங்கரையில் இறங்கியபோது கூட வந்த சிப்பாய்கள் வங்காளப் படையினர். கம்பெனிப் படையின் வழக்கமான ஆயுதம் 'இந்தியா பேட்டர்ன்' என்ற சக்கிமுக்கித் துப்பாக்கி. 39 அங்குலக் குழல், முக்கால் அங்குல வாய், நாலு கிலோவுக்கு மேல் எடை. கம்பெனி தனக்காக மலிவில் செய்வித்த மாதிரி இது. 1790-களில் பிரான்சுடன் போர் மூண்டு துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்ததும், பிரிட்டிஷ் அரசே கம்பெனியின் சரக்கை வாங்கி, பிறகு அதையே தன் படைக்கும் ஏற்றுக்கொண்டது.

1819 மே மாதம் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையைத் தமிழர்களுக்குத் தெரியும். சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 1827-இல் வித்திட்டவர். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டவரும் அவர்தான். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் துப்பாக்கியைப் பளபளப்பாக்கத் தேய்த்தது செங்கல் பொடியால். அணிவகுப்பில் மின்ன வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்தே குழலும் பூட்டும் மெலிந்தன. சுட்டுத் தேய்ந்ததைவிடத் துடைத்துத் தேய்ந்தது அதிகமாயிருந்தாலும் ஆச்சரியமில்லை. பிள்ளையின் சூளைச் செங்கல் எந்தப் படை வீட்டுக்காவது போயிற்றா என்று யோசிப்பது என் பொழுதுபோக்கு, அவ்வளவே.

*

கல்லுக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிராண்டன் என்ற ஊர் பேர்போனது. குடும்பம் குடும்பமாகக் கல் உடைத்துப் பிழைத்தார்கள். நல்ல கல் இருபது முப்பது சூடு தாங்கும், பிறகு விளிம்பு மழுங்கும். தாடையிலிருந்து கழற்றாமலே சிறு சுத்தியால் விளிம்பில் தட்டிச் சில்லு பெயர்த்தால் மறுபடி கூராகும். பயிற்சியின்போது கல் வீணாகக் கூடாது என்று அதன் இடத்தில் மரத்துண்டை மாட்டிவிடுவதும் உண்டு. கஞ்சத்தனம்தான், ஆனால் தகடும் பிழைத்தது.

கல் என்பது தச்சனின் இழைப்புளி அலகு மாதிரி: கூர் வேண்டும், ஆடாமல் நிற்க வேண்டும், சரியான சாய்வில் இறங்க வேண்டும். ஆடுகிற அலகை எவ்வளவு தீட்டினாலும் மரம் சீவாது.

*

சிங்கப்பூரின் ஈரம். ஆண்டு முழுக்கக் காற்றில் சராசரி ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல். கரிமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற கலவை. சுட்டபின் மிஞ்சும் கசடுதான் பெரிய தொல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, சற்று நேரத்தில் கிண்ணியில் கறுப்புக் குழம்பாக நிற்கும். தகடு வெள்ளையாகப் பொறி கொட்டினாலும் விழுவது சேற்றில். துடைக்காத கிண்ணிக்கு வைத்தியம் கிடையாது.

*

1834-இல் உல்விச்சில் ஒரு சோதனை நடத்தினார்கள். சக்கிமுக்கித் துப்பாக்கிகளும், கல்லுக்குப் பதில் வெடிமருந்துத் தொப்பியால் பற்றுகிற, புதிதாக வந்த தொப்பித் துப்பாக்கிகளும் வகைக்கு 6,000 முறை சுட்டன. சக்கிமுக்கி 922 முறை வெடிக்கவில்லை. தொப்பி 36 முறை மட்டும். இதற்குப் பிறகு வாதத்துக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் கம்பெனியின் இந்தியச் சிப்பாய் கையில் பழையதே இருந்தது.

அதன் விலை 1841 மே 30-இல் தெரிந்தது. முதல் அபினிப் போருக்கான கப்பல்கள் அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரில் கூடித்தான் வடக்கே போயிருந்தன. பின்னால் போய்ச் சேர்ந்தது மதராஸ் 37-ஆம் காலாட்படை. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் கலந்த சென்னை மாகாணப் படை. குவாங்சோவுக்கு வெளியே நெல்வயல்களில் திடீரென்று இடிமழை. சுமார் அறுபது பேர் கொண்ட ஒரு பிரிவு வழி தவறித் தனித்துப் போயிற்று. ஈட்டியும் கொக்கியும் ஏந்திய ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் சூழ்ந்துகொண்டார்கள். துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை. சதுரமாக நின்று, கத்தி முனையால் இரவுவரை தாக்குப்பிடித்தார்கள். தேடி வந்து மீட்ட கடற்படை வீரர்களிடம் இருந்தது தொப்பித் துப்பாக்கி. அது மழையிலும் வெடித்தது.

இங்கே கல்லையோ எஃகையோ குறை சொல்ல முடியாது. எந்தக் கொல்லனாலும் சரிசெய்ய முடியாத கோளாறு அது. மாற்றுத் துப்பாக்கி இருந்தும், யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று எங்கோ ஒரு மேசையில் முடிவாகியிருந்தது.

அதே மாலை சீனருக்கு வேறு கதை. சான்யுவான்லி ஊர்மக்கள் அந்நியரை எதிர்த்து எழுந்த நாளாக அதைக் கொண்டாடுகிறார்கள், நினைவுச்சின்னம் இருக்கிறது. மழையை அவர்கள் குறை சொல்லமாட்டார்கள்.

*

இங்கே பிற்பாடு இந்தியப் படை தங்கிய இடம் ஊட்ராம் பக்கம், சிப்பாய் லைன்ஸ். இன்று பொது மருத்துவமனை. அருகில் கண்டோன்மென்ட் சாலை என்ற பெயர் மட்டும் பாக்கி. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி சிறையும் பிரம்படியும். ஆகவே மேலே எழுதிய துவைச்சல் எல்லாம் இந்தத் தீவில் நோட்டுப் புத்தகத்தோடு சரி.

அருங்காட்சியகத்துப் பழம்பொருளுக்குத் திரும்பத் துவைச்சல் போடுவது எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சினால் பழைய கொல்லன் போட்ட துவைச்சலின் தடயம் போய்விடும். பொறி வராத துப்பாக்கியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

*

விட்டுப்போன இரண்டு. தகட்டின் அடியிலுள்ள ஸ்பிரிங் மிக இறுக்கமாக இருந்தால் தகடு சரியாகத் திறக்காது. மிகத் தளர்ந்திருந்தால் கல் சீவுவதற்குள் தகடு ஓடிவிடும், பொறி பாதிதான். குதிரையின் பெரிய ஸ்பிரிங்கோடு அது ஒத்துப்போக வேண்டும். தனியாக ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

பொறியும் சரி, கிண்ணியும் பற்றிக்கொண்டது, ஆனால் குழல் வெடிக்கவில்லை என்றால் பற்றுவாய் அடைத்திருக்கிறது. அதற்குக் கம்பி ஒன்று போதும்.