10 வாட் போதும்

செடி வளர்க்கிற மீன் தொட்டிக்கு லைட் தேடினால் முதலில் பயமுறுத்துவது விலை. அடுத்தது பெட்டி மேல இருக்கிற எண்கள்: வாட், லூமன், கெல்வின், பார். நான் ட்ரிபிள் இ ஃபைனல் இயர், இதில் பாதியை செமஸ்டருக்குப் படித்தவன். ஆனாலும் பென்னாகரத்தில் எங்க வீட்டு ஹாலில் இருக்கிற 2 அடி தொட்டிக்கு எது சரின்னு முடிவு பண்ண இரண்டு வாரம் ஆச்சு.

லூமன் என்பது மனுஷக் கண்ணுக்கான கணக்கு. நம்ம கண்ணுக்கு 555 நானோமீட்டர் பக்கம் இருக்கிற பச்சை வெளிச்சம்தான் ரொம்பப் பளிச்சுன்னு தெரியும். அதனால் லூமன் கணக்கில் பச்சைக்குத்தான் மதிப்பு அதிகம். செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரை பயன்படுத்தும். அதிலும் நீலத்தையும் சிவப்பையும் பச்சையம் நல்லா இழுத்துக்கும். இந்த எல்லைக்குள் வரும் வெளிச்சத்தின் அளவுதான் பார். அதை அளக்கிற மீட்டர் நம்ம பட்ஜெட்டில் வராது.

அப்போ ஸ்பெஷல் லைட்தான் வாங்கணுமா? தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்இடிக்குள்ள இருப்பது ஒரு நீல எல்இடி. அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. ரெண்டும் கலந்துதான் வெள்ளையாத் தெரியுது. அந்த நீலம் 450 நானோமீட்டர் பக்கம் இருக்கு, அதாவது பச்சையத்துக்குப் பிடிச்ச இடத்துக்குப் பக்கத்திலேயே. நீல எல்இடிக்காக 2014இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் ஹிரோஷி அமானோ. செடித் தொட்டியை ஒரு கலையாக உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் தகாஷி அமானோ. நமக்கு ரெண்டு அமானோவும் வேணும்.

சரி, எவ்வளவு வெளிச்சம்? 60 × 30 × 30 சென்டிமீட்டர் தொட்டி என்றால் 54 லிட்டர். லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் குறைந்த வெளிச்சம், 40க்கு மேல் போனால் அதிகம் என்பது தொட்டி வைப்பவர்களின் பொதுக்கணக்கு. 2 அடி, 10 வாட் எல்இடி பேட்டன் சுமார் 1,000 லூமன் தரும். நமக்கு லிட்டருக்கு 20க்குக் கொஞ்சம் கீழே வருது. நிறம் 6500 கெல்வின், கடையில் 'கூல் டேலைட்'னு கேட்டால் கிடைக்கும்.

இரண்டு மடங்கு போட்டால் சிவப்புச் செடி, தரையெல்லாம் புல்வெளி என்று போட்டோ மாதிரி இருக்குமே என்று ஆசை வரும். ஆனால் வெளிச்சம் ஆக்சிலரேட்டர் மாதிரி. அதை மிதிச்சா செடி அதிகக் கார்பன் டை ஆக்சைடு கேட்கும், உரம் கேட்கும். கொடுக்கலைன்னா அந்த வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கும். அப்புறம் சிலிண்டர், வாராவாரம் செடி வெட்டுறது, தண்ணி மாத்துறது. இதையெல்லாம் யார் செய்யறது?

ஜூனில் நான் சென்னைக்கு வேலைக்குப் போறேன். தொட்டி அம்மாவோட இருக்கும். அம்மாவுக்குத் தையல் வேலை. கேட்டதுக்கு ஒரே பதில்தான்: "தீனி போடறேன் சாமி. பகலெல்லாம் கத்திரி புடிக்கறேன், ராத்திரி செடிக்கும் புடிக்கச் சொல்லாத."

அதோட லைட் செலக்ஷன் முடிஞ்சுது. 10 வாட் பேட்டன். அதுக்கு ஏத்த மாதிரி மெதுவா வளர்கிற ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், எங்க ஊர் கடினத் தண்ணியிலும் சமாளிக்கிற வாலிஸ்னேரியா. மேல் கண்ணாடியில் வெள்ளையா உப்பு படிஞ்சா வெளிச்சம் குறையும். அதை அப்பப்போ எடுத்துத் துடைக்கணும், அவ்வளவுதான். ஒயர் ப்ளக் பாயிண்டுக்குக் கீழே தொங்கி மேலேறட்டும். அதில் வழியற தண்ணி ப்ளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிடும்.

டைமர் வாங்கும்போது பேட்டரி பேக்கப் இருக்கான்னு பாருங்க. திருகி வைக்கிற மோட்டார் டைமர் கரண்ட் போனா நின்னுடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நாலு பவர் கட்டில் நேரமே மாறிடும். தினம் 7 மணி நேரம் எரிந்தால் மாதம் 2.1 யூனிட்.

வெயில் படாத ஹால் என்பதால் அந்த 7 மணி நேரம் காலையா, மாலையா என்பது செடிக்கு ஒன்றுதான். அம்மா மெஷினை மூடும்போது ராத்திரி 9 ஆகிடும். அதனால் மதியம் 3 முதல் ராத்திரி 10 வரை எரியற மாதிரி செட் பண்ணியிருக்கேன்.