அப்பப்பாவின் தோற்பட்டறை



பாடசாலைப் படிவங்களில் ‘தந்தையின் தொழில்’ என்றொரு வெற்றிடம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 2004ஆம் ஆண்டு பத்தாம் தரத்தில் படித்தபோது நான் அதில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். உண்மையில் என் தந்தை தோல் தைப்பவர். தோல் தொடும் கையை இழிவாகப் பேசும் வழக்கம் எங்கள் வகுப்பறையிலும் இருந்தது. கையொப்பமிடுவதற்காகப் படிவத்தை வாங்கிய அப்பா அதை வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் ஒப்பமிட்டார்.

அந்தப் பட்டறையைக் கிளிநொச்சியில் தொடங்கியவர் அப்பப்பா. இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்தவர்களின் வண்டில் மாடுகளுக்குக் கழுத்துப்பட்டியும் சலங்கைப்பட்டியும் தைத்துக் கொடுத்தார். சவாரிக் காலம் வந்தால் பட்டறையில் இரவிலும் விளக்கெரியும். மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் தைப்பார். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் பிரியாது.

1990களில் பொருளாதாரத் தடையால் வன்னியில் எரிபொருள் அரிதாயிற்று. வண்டில்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. பட்டறையிலும் வேலை பெருகியது. 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தோம். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. எரிபொருளும் உழவு இயந்திரங்களும் வந்தன, வண்டில்கள் குறைந்தன. அப்பா பாடசாலைப் பைகளும் இடுப்புப்பட்டிகளும் தைக்கத் தொடங்கினார்.

இதே நெருக்கடி பாரிஸ் நகரிலும் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது. தியரி ஹெர்மெஸ் என்பவர் 1837இல் அங்கு குதிரைச் சேணப் பட்டறையொன்றைத் தொடங்கினார். மோட்டார் வாகனங்கள் பெருகியபோது அவருடைய பேரன் எமில், அதே தோலையும் அதே இரட்டை ஊசித் தையலையும் கொண்டு கைப்பைகள் செய்வதில் கவனம் செலுத்தினார். இன்று அது உலகப் புகழ்பெற்ற நிறுவனம். சேணம் தைப்பதையும் அது கைவிடவில்லை. ஹெர்மெஸ் குடும்பத்தினர் தம் பட்டறையின் வரலாற்றைப் பெருமையோடு சொல்கிறார்கள். நானோ ஒரு வெற்றிடத்தில் அதை மறைத்தேன்.

2009இல் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளம் முகாமுக்கு வந்தோம். அப்பாவின் மடியில் மிஞ்சியிருந்தவை ஒரு குத்தூசியும் தோல் வெட்டும் கத்தியும் மட்டுமே. முகாமில் அறுந்த செருப்புகளை அவற்றைக் கொண்டே தைத்தார். செருப்பைக் கொண்டுவந்தவர்களுள் என்னுடன் படித்தவர்களும் இருந்தார்கள். அப்போது எவரும் அந்தக் கையை இழிவாகப் பேசவில்லை. ஊர் திரும்பியதும் அதே கருவிகளோடு தகரக் கொட்டிலொன்றில் மீண்டும் பட்டறையைத் திறந்தார்.

இன்று நான் ஆசிரியன். என் பிள்ளையின் பாடசாலைப் படிவத்தில் ‘பாட்டனாரின் தொழில்’ என்ற வெற்றிடம் இல்லை. இருந்திருந்தால் ‘தோல் தைப்பவர்’ என்று தெளிவாக எழுதியிருப்பேன். மாணவர்களே, உங்கள் முன்னுள்ள வெற்றிடத்தில் உண்மையையே எழுதுங்கள். உங்களைப் படிக்கவைத்த தொழில் எதுவாயினும், அதன் பெயரை எழுத உங்கள் கை தயங்க வேண்டியதில்லை.