பரணில் ஏறிய அரிவாள்மனை

என் மகள் இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளை நான் குளிப்பாட்டியதே இல்லை. எல்லாம் அம்மாதான். கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி என் மடியில் கொண்டுவந்து கிடத்துவாள். பால் கொடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'பொட்டப்பிள்ளைன்னு அவளுக்குச் சடவு' என்று மாமியார் வீட்டுப் பக்கம் பேச்சு ஓடியது. நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அந்தப் பழி எவ்வளவோ மேல்.

பிரசவத்துக்கு வந்து அம்மா வீட்டில் இருந்த சமயம். அம்மா வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாயில் பிள்ளை. அரிவாள்மனையின் நுனி கண்ணில் பட்டதும், 'இந்தக் கையால் இவளை ஏதாவது செய்துவிட்டால்?' என்று ஒரு நினைப்பு. கூடவே படமும் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பெற்றவளுக்கு வருகிற நினைப்பா இது?

அன்று ராத்திரியே அரிவாள்மனையைப் பரணில் போட்டேன். அதைத் தேடிச் சலித்து அம்மா கத்தியை எடுத்தாள். கத்தியும் பரணுக்குப் போனது. பிறகு கத்தரிக்கோல். பொருள் குறைந்தால் பயமும் குறைய வேண்டுமே? ஊசி, தலையணை, மாடிப்படி என்று அதுபாட்டுக்கு வளர்ந்தது. நினைப்பு வந்தால் கந்த சஷ்டி கவசம் சொல்வேன். நடுவில் ஒரு வார்த்தை தடுக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முருகன் போட்ட சட்டம் இல்லை, நானே போட்டது. 'பிள்ளை பெறந்ததும் இவளுக்குப் பக்தி வந்துட்டு' என்று அம்மா தெருவெல்லாம் பெருமை பேசினாள்.

"அம்மா, நான் நல்லவதானே?" என்று கேட்பேன்.

"உனக்கென்னட்டி, தங்கமான புள்ள."

அவள் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் அந்த நிம்மதி தீர்ந்துவிடும். மறுபடி கேட்பேன்.

ஒரு சாயங்காலம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தூளியில் பிள்ளை அழுதது. தூக்கினால் என்ன செய்துவிடுவேனோ என்று நான் உள்ளறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அம்மா வந்து பார்த்தபோது பிள்ளை அழுது அழுது குரலே போய்க் கிடந்தது. அதன் பிறகுதான் சொன்னேன். அம்மா முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். தடுப்பூசி போட வந்த நர்ஸ் அக்காதான் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போலீசைக் கூப்பிடுவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. "காதுல யாராவது செய்யச் சொல்ற மாதிரி கேக்குதா? செய்யணும்னு தோணுதா, இல்ல நினைச்சாலே பதறுதா?" என்று கேட்டார். பதறுது என்றேன். ஓசிடி என்றார். சதா கை கழுவுகிறவர்களுக்கு வருகிற வியாதி என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும்.

இந்த மாதிரி நினைப்பு எல்லாருக்கும் வரும் என்று அவர் சொன்னதை நான் அப்போது நம்பவில்லை. பிற்பாடு தேடிப் படித்தேன். 1978இல் லண்டனில் ராக்மன் என்பவரும் இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும் நோய் எதுவும் இல்லாதவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஐந்தில் நான்கு பேர் தங்களுக்கும் இப்படி வரும் என்றார்கள். எது நோயாளியின் நினைப்பு, எது மற்றவர் நினைப்பு என்று நிபுணர்களாலேயே சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். கனடாவில் 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், தாங்களே பிள்ளையைத் துன்புறுத்துவதுபோன்ற நினைப்பு வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 'சீ' என்று தலையை உதறிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் பரணில் ஏறினேன்.

டாக்டர் செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். கூடவே ஒரு பயிற்சி. பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவர வேண்டும். கவசம் சொல்லக் கூடாது. அம்மாவிடம் கேட்கக் கூடாது. கேட்டாலும் அம்மா பதில் சொல்லக் கூடாது. "பெத்த பிள்ளை கேட்டா எப்படிய்யா வாய மூடிட்டு இருப்பேன்?" என்று அம்மா அவரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

பரணிலிருந்து இறக்கியபோது அரிவாள்மனையில் துரு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். தூரத்தில் வைத்துப் பார்த்துப் பழகி, கடைசியில் ஒரு நாள் தூளி ஆடுகிற அதே அறையில் அதன் முன்னால் வாழைப்பூவோடு உட்கார்ந்தேன். நினைப்பு வந்தது. படமும் வந்தது. கவசத்தின் முதல் வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது; விழுங்கினேன். ஒரு மடலை உரித்து, பூக்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கள்ளனைப் பிடுங்கிப் போட்டேன். விரல் நடுங்கியது. அடுத்த மடல். நினைப்பு அங்கேயேதான் இருந்தது. அதற்கடுத்த மடல். விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்திருந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொள்ள மறந்துவிட்டோமே என்று நொந்துகொண்டேன்.

அப்போதுதான் உறைத்தது. கறைக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் எப்போது போனதென்றே தெரியவில்லை. யாரும் அதை விரட்டவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் பரணும் கவசமும் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன?

மகளைக் குளிப்பாட்ட எனக்குத் தைரியம் வந்தபோது, அவள் நின்றுகொண்டு தானே தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் வயதுக்கு வந்திருந்தாள். ஆச்சி பக்கத்தில்தான் படுப்பேன் என்பாள், இன்றைக்கும். எனக்கு அந்த நினைப்பு இப்போதும் எப்போதாவது வரும். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனால், சுவரோரம் அவள் நிற்கும்போது வரும். நான் துணியைக் காயப்போட்டுவிட்டு இறங்குவேன்.

பிள்ளை பெற்ற வீட்டில் ஒருத்தி இப்படிப் பதறிக்கொண்டு வந்து சொன்னால், பிள்ளையை அவள் கையிலிருந்து பறித்துவிடாதீர்கள். காதில் யாரோ சொல்கிறார்கள், செய்வதுதான் சரி என்று அவள் சொன்னால் அது வேறு நோய். தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். எது என்று புரியாவிட்டால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.