பசித்த கல்லீரல்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். இடையே சூதைக் கண்டித்து, அடுத்து மருந்தைப் பற்றிப் பேசினார். மருந்து என்னும் அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியதே என்பது ஊன்றி நோக்கத்தக்கது. நம் சமுதாயம் முன்னதை மேடைதோறும் முழங்கியது. பின்னதைக் குடிநோயாளியின் கட்டிலருகே கொண்டு செல்ல மறந்தது.

மலாயாவின் தோட்டங்களில் கள்ளுக்கடை ஒரு காலத்தில் லயத்தோடு சேர்ந்தே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். காலப்போக்கில் கள் குறைந்தது. அதனினும் கொடிய சம்சு அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டத்தை விட்டு வெளியேறி, ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் போன்ற இடங்களில் குடியேறிய குடும்பங்கள் சிலவற்றோடு அப்பழக்கமும் உடன் வந்தது. பால்மரம் வெட்டிய கைகள் இன்று மெலிந்து கிடக்கும் வீடுகள் உண்டு.

மது ஒரு கிராமுக்கு 7 கலோரி தரும். ஆனால் புரதமோ உயிர்ச்சத்தோ தராது. பசியை அடக்கி உடலை ஏய்ப்பதே அதன் வேலை. நல்ல கல்லீரல் பகலில் சர்க்கரையைச் சேமித்து இரவில் வழங்கும். சுருங்கி இறுகிய கல்லீரலுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலின் நோயாளியின் உடல் தன் தசையையே கரைத்து உண்ணத் தலைப்படுகிறது. அவர் ஓரிரவு பட்டினி கிடப்பது, நலமுள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்கு ஒப்பாகும். வயிற்றில் நீர் கோத்துப் பருத்திருப்பதால் சுற்றத்தார் மெலிவை அறியார். எடைக்கருவியும் ஏமாந்துவிடும். தோளையும் தொடையையும் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

இந்நிலையில் வீட்டார் அன்போடு செய்யும் தவறு ஒன்றுண்டு. பத்தியம் என்று கருதி முட்டை, மீன், பருப்பு அனைத்தையும் விலக்கிக் கஞ்சியும் ஊறுகாயும் கொடுக்கின்றனர். மருத்துவர்களும் முன்னாளில், புரதம் மூளையைக் கலங்கச் செய்யும் என்றஞ்சி அதைக் குறைத்தவர்களே. 2004இல் பார்சிலோனா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான அளவு புரதம் கொடுத்தாலும் அக்கலக்கம் மிகுவதில்லை எனக் காட்டிற்று. இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டுமென்கின்றன. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம் ஆகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு குவளைக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் தேறாது. கணக்கு எங்கே தவறுகிறது என்பது வெளிப்படை.

உயிர்ச்சத்துகளுள் தயாமின் முதன்மையானது. இதன் வரலாற்றில் தமிழர் உணவுக்கும் ஓர் இடமுண்டு. தீட்டிய அரிசியை உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் அரிசியுண்ட தமிழர் பெரும்பாலும் தப்பியதை மருத்துவர் பிராடன் 1907இல் எடுத்துரைத்தார். கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஃபிளெட்சர் நடத்திய சோதனையும் அதே ஆண்டில் வெளியாகி, புழுங்கல் அரிசியின் பயனை மெய்ப்பித்தது. அன்று அரிசி காத்த அச்சத்தை இன்று மது பறிக்கிறது. பார்வை தடுமாறுதல், நடை தள்ளாடுதல், சிந்தை மயங்குதல் ஆகிய மூன்றும் தயாமின் குறைவின் அறிகுறிகளாகலாம். அவற்றை வெறும் போதையென்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

உணவைச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுப்பதும், படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு சிற்றுணவு தருவதும் நன்று. 2008இல் வெளிவந்த ஆக்லாந்து ஆய்வில், கூடுதல் சத்துணவைப் பகலில் உண்டவரைவிட இரவில் உண்டவரே ஓராண்டில் உடற்புரதம் பெருகப் பெற்றனர். நீர்கோத்தவருக்குக் கருவாடும் ஊறுகாயும் ஆகா. அரைவேக்காட்டு மட்டியும் சிப்பியும் கூடவே கூடா. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டுவது உயிருக்கே தீங்காகலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே கூட்டவேண்டும். குடிப்பழக்கத்தைத் திடீரென விடுவதற்கும் அத்துணை தேவை.

உணவு மட்டும் கல்லீரலை மீட்டுவிடுமா? மீட்காது. குடியை விடுவதே முதல் மருந்து. கடும் மதுக் கல்லீரல் அழற்சி உற்றவர்களுக்குக் குழாய்வழி உணவூட்டிய ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. அவ்வூட்டல் உயிர்பிழைப்போர் தொகையைத் தெளிவாக உயர்த்தவில்லை. ஆயினும் மிகக் குறைவாக உண்டவர்களே மிகுதியாக மாண்டனர் என்பதும் அதில் புலனாயிற்று.

“குடியை நிறுத்து, பிறகு சோறு” என்று சொல்லும் வீடுகள் உள்ளன. குடிகாரனால் அடியும் அவமானமும் பட்ட மனைவி மக்களின் சினம் நியாயமானதே. எனினும் சோறு நல்லொழுக்கத்திற்குத் தரும் பரிசன்று. நோய்க்குத் தரும் மருந்து. அச்சுமையை அவ்வீட்டார் மட்டுமே சுமக்க வேண்டுமென்பதில்லை. கோயில்களும் சங்கங்களும் கள்ளைப் பழிக்கும் மேடையில், கட்டிலில் கிடப்பவன் இரவில் என்ன உண்டான் என்றும் கேட்கத் தொடங்குதல் வேண்டும். வள்ளுவரின் இரண்டு அதிகாரங்களையும் ஒருங்கே கற்பிக்கும் பொறுப்பு தமிழாசிரியர்க்கு உண்டு.