புரட்டாசியில் வந்த கோழிகள்

புரட்டாசி, செவ்வாய் இரவு

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான்கு கோழிகள் இன்று ஆலங்குளம் வந்து சேர்ந்தன. புரட்டாசி பிறந்தால் பாதி ஊர் கவிச்சியை விட்டுவிடும், கோழி விலையும் இறங்கும். முட்டைக்காகவும் குஞ்சுக்காகவும் வளர்ப்பவர்கள் கோழி பிடிக்க வேண்டிய மாதம் இதுதான். கருப்பு ஒன்று, செவலை ஒன்று, புள்ளி ஒன்று, இன்னும் முட்டை வைக்காத வெடை ஒன்று. எல்லாமே சிறுவிடை. பெருவிடை பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அடை கிடக்கவும் குஞ்சைக் காக்கவும் சிறுவிடைக்கு ஈடில்லை.

பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவரும்படி சொல்லியிருந்தேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பகலில் புது இடத்தில் இறக்கினால் சுவரில் மோதும், கம்பி வலையில் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும். இரவில் இறக்கினால் வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். விடிய விடிய இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரியவரும், அந்த மெதுவான அறிமுகம் அதற்கு வேண்டும். காலில் கட்டியிருந்த சணலை அறுத்து, கால்களை நீவிவிட்டு, கருப்பட்டி கரைத்த தண்ணீரில் மூக்கை நனைத்தேன். செவலை மட்டும் தலையை உயர்த்தி விழுங்கியது. வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்த கோழிக்கு முதலில் தண்ணீர். தீவனம் காலையில் போதும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு கோழிகளிடம் இவற்றைச் சேர்க்கவில்லை. பழைய மாட்டுத்தொழு காலியாகக் கிடக்கிறது, அங்கேதான் இவை. வெள்ளைக்கழிச்சல் உடம்பில் புகுந்தாலும் வெளியே தெரியச் சில நாள் ஆகும். புதுக்கோழியைச் சேர்த்த கையோடு பழைய கோழிகளையும் வாரிக்கொடுத்த வீடுகள் இந்த ஊரில் நிறைய. தொழுவுக்குள் போய்வந்தால் காலைக் கழுவிவிட்டுத்தான் மற்ற கூட்டுப் பக்கம் போகிறேன்.

புதன்

காலையில் நான்கும் ஒரே மூலையில் ஒட்டிக் கிடந்தன. வைத்த கம்பு அப்படியே இருந்தது. பட்டாசு ஆலை வேனுக்காக நின்றிருந்த எதிர்வீட்டுப் பெண் வேலியருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"எடுத்த எடுப்புல வெளிய விட்றாதீங்க டீச்சர். பொழுது அடைஞ்சா எந்தக் கருவேல மரத்துல ஏறிக்கிடுமோ, யாரு கண்டா? எங்கம்மா புதுக்கோழியத் தூக்கிட்டு ஆட்டுரல மூணு சுத்து சுத்தி வந்துதான் கூட்டுக்குள்ள விடும்."

ஆட்டுரலைச் சுற்றுவதன் பலன் எனக்குத் தெரியாது. அவள் சொன்ன முதல் பாதியில் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. இரவு அடையும் இடம் எதுவோ அதுதான் கோழிக்கு வீடு. அந்த இடம் மனதில் பதியும்வரை அடைத்து வைத்தால், பிறகு எவ்வளவு தூரம் மேயப் போனாலும் பொழுது சாயும்போது தானே திரும்பிவிடும். பலர் காலில் கயிறு கட்டி முளையில் போட்டு வைப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பயந்த கோழி பறக்க முயன்று கயிற்றில் இழுபட்டு விழுகிறது. விழ விழப் பயம் கூடுகிறது.

கோழியைப் பழக்குவது என்றாலே அதைக் கைக்கு வரவழைப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கோழி பழகும் வரிசை வேறு. முதலில் இடம் பழக வேண்டும், அடுத்து கூட்டம். மனிதர்கள் கடைசியில்தான். இந்த வரிசையைக் குலைத்து, வந்த அன்றே மடியில் வைத்துத் தடவினால் கோழி அசையாமல் கிடக்கும். சாது என்று நினைத்துவிடுவோம். அது பயத்தில் உறைந்து கிடப்பது. நரியோ கீரியோ கவ்வினாலும் அது அப்படித்தான் கிடக்கும்.

சனி

இன்று கம்பு தின்றன. நான் தொழு வாசலில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நேராகப் பார்க்கவில்லை. கருப்புதான் முதலில் வந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, அடுத்து மறு கண்ணால். கோழிக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஒன்றை ஆராய இப்படித்தான் மாறி மாறிப் பார்க்கும். அவசரப்படாமல் அந்தப் பார்வையை முடிக்க விட்டேன்.

மேலேயிருந்து கை நீட்டக் கூடாது என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. வானத்திலிருந்து இறங்கும் பருந்துக்கு ஒரு எச்சரிக்கைக் குரல், தரையில் வரும் பூனைக்கும் நாய்க்கும் வேறு குரல் என்று கோழி இனத்தில் தனித்தனியாக இருக்கிறது. நின்றபடி குனிந்து நீட்டும் கை முதல் வகையில் சேரும். உட்கார்ந்து, கையைத் தரையோடு வைத்து, உள்ளங்கையில் நாலு கம்பு போட்டால் கதையே வேறு.

தானியம்தான் கோழியை மனிதனிடம் முதலில் கொண்டுவந்து சேர்த்தது என்று இப்போது அறிஞர்கள் சொல்கிறார்கள். தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த கோழி எலும்புகள்தான் வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் மிகப் பழையவை என்று 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலம். மானாவாரி நெல்லும் சிறுதானியமும் விளைந்த இடங்களைத் தேடிச் செங்காட்டுக்கோழி காட்டை விட்டு இறங்கி வந்தது, யாரும் வலை வீசி இழுக்கவில்லை என்பது அவர்கள் கருத்து. கரிசலில் கம்பும் சோளமும் தூற்றிய களத்தைச் சுற்றிக் கோழி நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை நம்ப ஆதாரம் அதிகம் வேண்டியிருக்கவில்லை.

அதனால் கம்பு எப்போதும் ஒரே தகர டப்பாவில். குலுக்கும் சத்தம், "பா... பா... பா..." என்ற அழைப்பு, பிறகு தானியம். இந்த வரிசை மாறுவதில்லை. சேலைகூட அதே பழைய நீலச் சேலைதான். நேற்று மஞ்சளில் போனபோது புள்ளி மிரண்டு பரணில் ஏறிவிட்டது. கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும், நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாவும் சேர்த்து.

திங்கள்

எதிர்வீட்டுப் பையன் வெடையைத் துரத்திப் பிடித்துவிட்டான். ஆசைதான், கெட்ட எண்ணம் கிடையாது. இரண்டு நாளாகக் கைக்கு அருகே வந்துகொண்டிருந்த வெடை இன்று டப்பா சத்தத்துக்கும் அசையவில்லை. பையனைத் திட்டவில்லை. என் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ பிடிக்காத, அது ஒன்னப் பிடிக்கட்டும்" என்றேன். கையில் கம்போடு அவன் அசையாமல் இருந்தது அவன் வயசுக்குப் பெரிய தவம்.

மதியம் சுண்ணாம்புக்கல் எடுக்கும் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது. நான்கும் தலையைத் தூக்கின, கழுத்தை நீட்டின. அவ்வளவுதான், மறுபடி மண்ணைக் கிளறத் தொடங்கின. சிமெண்ட் ஆலையும் பட்டாசு ஆலைகளும் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் பிறந்த கோழிகள் அப்படித்தான். சத்தம் வந்தது, அதனால் கெடுதல் வரவில்லை என்று பலமுறை ஆனதும் உடம்பு அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் செங்காட்டுக்கோழிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, மனிதனுக்குக் குறைவாகப் பயப்படுபவற்றை ஒரு வரிசையாகவும் அதிகம் பயப்படுபவற்றை இன்னொரு வரிசையாகவும் பிரித்தார்கள். பயம் குறைந்த வரிசையின் கோழிகள், மின்னி மின்னி அணையும் விளக்குக்கும் விரைவாகப் பழகிக்கொண்டன. துரத்தும் கை அந்தக் கணக்கில் வராது. ஒவ்வொரு முறையும் பிடிபடுவதில் போய் முடிவதால், அதற்குப் பழக வழியே இல்லை.

புரட்டாசி கடைசி வெள்ளி

கழிச்சல் இல்லை, தும்மல் இல்லை, எச்சமும் நல்ல கட்டியாக வெள்ளை மூடியோடு இருக்கிறது. நேற்று இரவு நான்கையும் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய கோழிகள் அடையும் கட்டையில் அவற்றின் பக்கத்தில் உட்காரவைத்தேன். இருட்டில் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

விடிந்ததும் சண்டை வந்தது. பழைய கீரிநிறக் கோழி செவலையின் கொண்டையைக் கொத்தியது. செவலை திரும்பிக் கொத்தியது. இறகு பறந்தது. கருப்பு முதல் கொத்திலேயே தலையைத் தாழ்த்தி ஒதுங்கிக்கொண்டது. புள்ளியும் அப்படித்தான். நான் குறுக்கே போகவில்லை. ரத்தம் வந்தால்தான் பிரிப்பேன். தீவனத்தையும் தண்ணீரையும் ஒன்றுக்கு மூன்று இடமாக வைத்து, ஒதுங்கி நிற்க ஒரு பஞ்சாரத்தைச் சாய்த்து வைத்தேன். யார் யாரைக் கொத்தலாம் என்பது முடிவானால்தான் கூட்டில் அமைதி வரும். நாம் புகுந்து பிரித்தால் அந்த முடிவு நாளைக்குத் தள்ளிப்போகும்.

நார்வேயில் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே கோழிகளைக் கூர்ந்து பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று நோட்டில் குறித்துவந்தார். கோழிக்கூட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரு கொத்து வரிசை இருக்கிறது என்று 1920-களின் தொடக்கத்தில் அவர் எழுதியது விலங்குகளின் கூட்டு வாழ்க்கையைப் பற்றிய படிப்புக்கே புதுவழி திறந்தது. எதிர்வீட்டுப் பையனிடம் சொன்னேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவனும் கட்டம் போட்டுவிட்டான். வெடை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது, அதில் அவனுக்கு வருத்தம்.

ஐப்பசி, ஞாயிறு

மழை பெய்து விட்டிருந்தது. மேற்கே ராஜபாளையம் மலை இன்று துல்லியமாகத் தெரிந்தது. கதவைத் திறந்து வெளியே விட்டேன். செவலை வேப்பமரத்தடியில் ஈரமில்லாத புழுதியைத் தேடிப்பிடித்து, குழி பறித்துப் படுத்து, இறகுக்குள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டது. அடுப்புச் சாம்பலையும் அங்கே கொட்டி வைத்திருக்கிறேன், பேனுக்கு நல்லது. ஒரு கோழி கண்ணை மூடி மண்ணில் புரள்கிறதென்றால் அந்த இடத்தை அது நம்பிவிட்டது. பயம் இருக்கும் இடத்தில் எந்தக் கோழியும் அப்படித் தன்னை மறந்து கிடக்காது.

அதன் மஞ்சள் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்றாலும், இந்த மஞ்சள் தோல் அதனிடமிருந்து வரவில்லை. சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008-இல் மரபணு ஆய்வு காட்டியது. சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியக் காடுகளை முக்கிய இருப்பிடமாகக் கொண்டது. அதோ தெரியும் அந்த மலைக்காட்டிலும் இருக்கிறது. உலகத்தில் எந்தப் பண்ணையில் மஞ்சள் கால் கோழி நின்றாலும் அதில் நம் பக்கத்துக் காட்டின் ஒரு துளி இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. பள்ளியில் இருந்த காலத்திலேயே தெரிந்திருந்தால் ஒரு வகுப்பு முழுக்க இதையே பேசியிருப்பேன்.

சாயங்காலம் ஆறும் தானாகக் கூட்டுக்குத் திரும்பின. வெடை கடைசி.

தீபாவளி இரவு

குவாரி வேட்டு தூரத்தில், பகலில், ஒன்றே ஒன்று. தீபாவளி அப்படி இல்லை. பக்கத்தில், இருட்டில், வெளிச்சத்தோடு, எப்போது எங்கிருந்து என்று தெரியாமல் வரும். வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த அளவே கோழிக்குத் தாங்காதது. பொழுது சாயும் முன்பே கூட்டை அடைத்து, மூன்று பக்கமும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். காற்றுக்கு ஒரு பக்கம் திறப்பு, அது வீட்டுச் சுவரைப் பார்த்து. சாக்கு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது, மின்னும் வெளிச்சத்தைத் தடுக்கும். நெருப்புப்பொறி விழுந்தாலும் ஈரத்தில் அணைந்துவிடும்.

எதிர்வீட்டுப் பெண் வருஷம் முழுக்கத் திரியும் மருந்தும் புழங்குகிறவள். அலுமினியப் பொடி விரல் ரேகையில் வெள்ளியாக மினுக்கும். அந்தக் கூலியில்தான் அந்த வீட்டுக்குத் தீபாவளி வருகிறது, இந்த ஊரில் பல வீடுகளுக்கும் அப்படித்தான். பட்டாசு வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை, சொல்லவும் மாட்டேன். அவளாகவே பையனிடம், "வெடிய தெருக்கோடில போய்ப் போடு. இங்கன மத்தாப்பு மட்டும். டீச்சர் கோழி அடைஞ்சிருக்கு" என்றாள்.

நான் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வப்போது "பா... பா..." என்று மெதுவாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெரிய வெடிக்கும் கட்டையில் இறக்கை படபடக்கும், பிறகு தொண்டைக்குள் ஒரு முனகல். கீழே யாரும் விழவில்லை.

கார்த்திகை, வியாழன்

தீபாவளிக்குப் பிறகு பட்டாசு ஆலைகள் இன்னும் திறக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் பகலில் வீட்டில் இருக்கிறாள், என் கோழிகள் அவள் முற்றத்திலும் மேய்கின்றன. பகல் சுருங்கிவிட்டதால் செவலை முட்டையை நிறுத்திவிட்டது. இடம் மாறியதில் நின்றுபோன புள்ளி இப்போதுதான் கேறத் தொடங்கியிருக்கிறது. வெடை பையனின் தோளில் ஏறி நிற்கிறது. கட்டம் போட்ட நோட்டை அவன் மறந்தே போனான்.

கருப்பு அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, நெஞ்சு முடி உதிர்ந்து, கூடையை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறது. வயிற்றுக்கடியில் கையை விட்டேன், கொத்தவில்லை, லேசாக உறுமியது. எதிர்வீட்டுச் சேவல் புழங்கிய கோழிகளின் முட்டையாகப் பார்த்து ஒன்பது வைத்தோம். மணலும் உமியும் பரப்பிய கூடையில் அவள் ஒரு இரும்பு ஆணி, கரித்துண்டு, இரண்டு மிளகாய் வற்றல் போட்டாள். இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டை ஆகாமல் இருக்கவாம். கார்த்திகை இடிக்கு ஆணி காவல் நிற்கட்டும். தண்ணீரும் கம்பும் எட்டும் தூரத்தில் நான் வைத்தேன்.

பொரிக்க 21 நாள், மார்கழியில் குஞ்சு வரும். பையனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: குஞ்சு வெளியே வந்த அன்று முதல் கருப்பு யாரையும் கிட்டே விடாது, என்னையும் சேர்த்து. கண்ணைப் பார்த்துப் பாயும். பழக்கம் விட்டுப்போச்சு என்று அவன் அழக் கூடாது. குஞ்சுக்கு இறகு முளைத்து, தாய் அவற்றைக் கொத்தி விலக்கும்வரை டப்பாவைத் தூரத்தில் நின்றே குலுக்க வேண்டும். ஏழாம் நாள் குஞ்சுகளுக்குக் கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டு போட வேண்டும். அதற்கு அவற்றைப் பிடித்தாக வேண்டும். அதை இருட்டிய பிறகு, தாயைப் பஞ்சாரத்தில் மூடிவிட்டுச் செய்வோம்.