பச்சத்தண்ணியா, சுடுதண்ணியா?

வெள்ளிமலை, கல்வராயன்மலை

அன்புள்ள தோழிக்கு,

பெர்லினில் ஓர் உணவகத்தின் பட்டியலைத் தமிழாக்கும்போது 'ஸ்டில் வாட்டர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டதாக எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக அதே நினைவுதான். நீ இருக்கும் ஊரில் 'ஸ்டில்லஸ் வாசர்', அமைதியான தண்ணீர். இத்தாலிக்காரர்கள் 'லீஷா' என்கிறார்கள், வழுவழுப்பானது. அங்கெல்லாம் நுரைக்கிற தண்ணீரும் தினமும் மேஜைக்கு வருவதால் நுரைக்காததற்கும் பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

நேற்று கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறுமுன் ஒரு பெட்டிக்கடையில் நின்றேன். "சோடாவா, தண்ணியாண்ணே?" என்றார் கடைக்காரர். நம் கணக்கு அதுதான். கேஸ் ஏற்றியதற்குத்தான் பெயர்: சோடா, கலர், பன்னீர் சோடா. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற குண்டுவைத்த பாட்டிலில் அது நம்மிடம் வந்து கோலி சோடா ஆயிற்று. ஏற்றாதது தண்ணீர், அதற்கு அடைமொழி தேவைப்படவில்லை.

ஆனால் 'தண்ணி' என்ற சொல் அந்த ஊரில் நெஞ்சை அழுத்துகிறது. 2024 ஜூனில் அங்கே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயத்தையும் தண்ணி என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். மெத்தனாலுக்கும் நிறமில்லை, குமிழி இல்லை. டம்ளரில் ஊற்றினால் கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான். உன் பட்டியலில் 'தண்ணீர்' என்று முழுதாகவே எழுது.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறி வந்தேன். இங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "பச்சத்தண்ணியா, சுடுதண்ணியா தம்பி?" என்றார் அந்த அம்மா. இந்தப் 'பச்சை'தான் நீ தேடும் சொல்லோ என்று ஒரு கணம் மகிழ்ந்துபோனேன். இல்லை. பச்சைப்பால் காய்ச்சாத பால், பச்சரிசி அவிக்காத நெல்லின் அரிசி. பச்சை என்றால் தீப்படாதது. அப்படிப் பார்த்தால் சோடாவும் பச்சைதான். நாம் தண்ணீரை அடுப்பால் பிரிக்கிறோம். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று உவர்ப்பால் பிரிக்கிறோம். குமிழியால் பிரித்ததில்லை.

குடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"ஊத்துத்தண்ணி. ஓடிக்கிட்டே இருக்கும். நின்ன தண்ணிய யாரு தம்பி குடிப்பா?"

இதை நீ கட்டாயம் கவனிக்க வேண்டும். அசையாத நீர், தேங்கிய நீர், அமைதியான நீர் என்று எதை எழுதினாலும் நம் ஆள் மனத்தில் பாசி படியும், கொசு முட்டையிடும். அங்கே விலை கூட்டும் சொல் இங்கே குடிக்கவே விடாது.

ஆகவே என் யோசனை: ஒன்றைத் 'தண்ணீர்' என்றும் மற்றதைச் 'சோடாத் தண்ணீர்' என்றும் எழுதிவிடு. பட்டியலில் ஒயினுக்கும் 'ஸ்டில்' என்று வந்தால், அதற்கு மட்டும் 'நுரைக்காத ஒயின்' என்று போடு. அதில் இரண்டு வகையும் நமக்குப் புதிது, இரண்டுக்கும் அடையாளம் வேண்டும்.

அந்த அம்மா என் பாட்டிலில் ஊற்றுத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். நாளை பெரியார் அருவி வரை நடக்கிறேன். வழியிலேயே குடித்துத் தீர்த்துவிடுவேன்.

அன்புடன்,
உன் நண்பன்